அரிசிப் பையில் வந்த ஸ்விட்ச்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இறக்கிவிட்டபோது வெளியே இன்னும் இருட்டு. சித்தப்பாவின் அக்குளில் மடித்து இடுக்கிய ஓர் அரிசிப் பை, மண்ணச்சநல்லூர் பொன்னி என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டது. அதற்குள் இரண்டு பழைய துண்டும் கொஞ்சம் சணல் கயிறும். அண்ணன் மகளின் தோள்பையில் லேப்டாப், வெளிர்நீல நிறத்தில் தட்டையான ஒரு கன்சோல் கேபிள், அதை லேப்டாப்பில் செருக ஒரு யூஎஸ்பி அடாப்டர், ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்றே வரி: ஸ்விட்ச் இரண்டு. ரவுட்டர் ஒன்று. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அந்த மூன்றாவது வரிக்கு வந்துசேர அவளுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

வயது இருபத்து மூன்று. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. பிரிண்டருக்கு மை போடுவது, விண்டோஸ் ஏற்றுவது, சிசிடிவி கேபிள் இழுப்பது. ராத்திரியில் சிசிஎன்ஏ படிப்பு. சிஸ்கோ நிறுவனம் 1998இல் தொடங்கிய சான்றிதழ் அது. 2020 பிப்ரவரி 24இல் பழைய கிளைகளை ஒன்றாக்கி 200-301 என்ற ஒரே தேர்வாக வைத்தார்கள். 120 நிமிடம், 300 டாலர் கட்டணம். ஒருமுறை தவறினால் மறுபடி முழுக் கட்டணம். மாதச் சம்பளத்தைவிடத் தேர்வுக் கட்டணம் பெரிதாக இருக்கும் வீட்டில் அந்த 120 நிமிடத்துக்கு வேறு எடை.

பயிற்சிக்கு மென்பொருள் உண்டு. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிந்தால் பேக்கெட் ட்ரேசர் இலவசம். திரையில் ரவுட்டரை இழுத்துப் போட்டு, கோடு வரைந்து இணைத்து, கட்டளை அடித்துப் பார்க்கலாம். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி என்று இன்னும் ஆழமானவையும் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் ரவுட்டிங் பகுதிக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் ஸ்விட்சிங்குக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, சேவைகளுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10. இதில் பெரும்பகுதியை லேப்டாப்பிலேயே முடித்துவிடலாம் என்பதுதான் உண்மை. பழைய பெட்டி வாங்காமல் தேர்வில் ஜெயித்தவர்கள் ஏராளம். அப்படியானால் எதற்கு ராத்திரி ரயில்?

காரணம் ஒரு பள்ளிக்கூடம். போன வருடம் அங்கே கணினி அறையில் நெட்வொர்க் மொத்தமாகச் செத்துப்போனது என்று கடையிலிருந்து அவளை அனுப்பினார்கள். ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. கணினியை மாற்றினாள், ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டாள், கனெக்டர்களை வெட்டிப் புதிதாக அடித்தாள். அரை நாள் கழித்து மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தபோது, தரை பெருக்கியவர் யாரோ தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் முனையை நல்லெண்ணத்தில் சுவரிலிருந்த காலி போர்ட்டில் செருகிவைத்திருந்தது தெரிந்தது. அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. வட்டம். உள்ளே புகுந்த ஒவ்வொரு செய்தியும் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, வழியையே அடைத்துவிட்டது. வட்டம் விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் புத்தகத்தில் படித்திருந்தாள், நோட்டில் படமும் போட்டிருந்தாள். அந்த விளக்குகள் அப்படித் துடித்தால் அதற்கு என்ன பொருள் என்பது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேக்கெட் ட்ரேசரில் கேபிளை எலி கடிப்பதில்லை. கனெக்டரின் கொக்கி உடைவதில்லை. யாரோ போட்டுவைத்த பாஸ்வேர்டு குறுக்கே நிற்பதில்லை. கைக்கு வர வேண்டிய பாடம் இவ்வளவுதான். அதற்கு மூன்று பெட்டி போதும் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

துணைக்கு வந்த சித்தப்பா பிஎஸ்என்எல்லில் கேபிள் ஜாயின்டராக இருந்தவர். 2020 ஜனவரி கடைசியில் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்த 78,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். பள்ளத்தில் இறங்கி, ஈயமும் மெழுகும் மணக்க, நூற்றுக்கணக்கான செம்புக் கம்பிகளை ஜோடி பிசகாமல் இணைத்த கை. "ரவுட்டர் ஸ்விட்ச்சு எனக்குத் தெரியாது பாப்பா. பேரம் பேசத் தெரியும், மூட்டை தூக்கத் தெரியும்" என்று சொல்லித்தான் டிக்கெட் எடுத்தார்.

எழும்பூரிலிருந்து ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் போகலாம். சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ஆயிற்று. கடை திறக்கப் பத்து மணி ஆகும் என்பதால் காபியைக் குடித்துவிட்டு நடந்தார்கள். புதுப்பேட்டை வழி. பூட்டிய கடைகளின் வாசலில் கார்க் கதவுகள், பம்பர்கள், எண்ணெய் உறைந்த என்ஜின் கட்டைகள். ஓடி ஓய்ந்த வண்டியை அக்கக்காகப் பிரித்து, ஓடக்கூடியதை ஓட வைக்கும் பேட்டை. கூவத்தின் மேல் பாலத்தைக் கடந்தால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். 1734இல் கும்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். தறி போய்விட்டது. இன்று அதன் ஓரத்தில், அண்ணா சாலையை ஒட்டி, வேறு இழைகளின் வியாபாரம் நடக்கிறது.

ரிச்சி தெரு என்று சொல்வது ஒரு தெருவை மட்டுமல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்த பின்னல் அது. ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, டிவி, கேசட் பிளேயர் காலத்தைத் தாண்டி, கம்ப்யூட்டருக்கு வந்து நிற்கிறது. பத்தரை மணிக்கு ஷட்டர்கள் மேலே போகும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அரை மணி நேரத்தில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. தலைச்சுமையாக மானிட்டர் பெட்டிகள், நடுவே டீ வாளி, இரண்டு பக்கமும் "என்னம்மா வேணும், என்ன சார் பார்க்கறீங்க" என்ற குரல்.

பழைய நெட்வொர்க் சாமான் தெருமுகப்பில் கிடைக்காது. மொபைல் உறையும் சார்ஜரும்தான் முகப்பில். இரண்டு கடைக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் படிக்கட்டு, அதில் ஏறி இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் சூடான தூசி வாடை. தரையிலிருந்து கூரைவரை ஸ்விட்ச்சுகள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கியிருந்தன. அலுவலகங்கள் கழித்துக் கட்டியவை. ஒரு மாடலுக்கு இனி மென்பொருள் திருத்தம் வராது என்று தயாரிப்பாளர் அறிவித்ததும், பாதுகாப்பு விதிகளுள்ள நிறுவனங்கள் அதைக் கழற்றியாக வேண்டும். பெட்டியில் பழுது இருக்காது, ஆனால் அலுவலகத்துக்கு ஆகாது. மாணவருக்கு ஆகும். இதை வீட்டு இணைய இணைப்பின் வாசலில் காவலுக்கு வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருத்தம் நின்றுபோன பெட்டி மேசைமேல் தனியாக இருந்து பாடம் சொல்லட்டும், அதுவரை சரி. இன்னொன்று, பெட்டி கை மாறினாலும் அதிலுள்ள சிஸ்கோ மென்பொருளின் உரிமம் கூடவே கை மாறுவதில்லை. புதிய பதிப்பு இறக்கிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்கக் கூடாது; உள்ளே இருப்பதுதான் கிடைக்கும்.

"சிசிஎன்ஏவா? முழு கிட்டே தர்றேம்மா" என்று கடைக்காரர் மூன்று ரவுட்டர், மூன்று ஸ்விட்ச், ஒரு கட்டு தடித்த நீலக் கேபிள், சீரியல் கார்டுகள் என்று எடுத்துப் பரப்பினார். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அப்படியே அள்ளியிருப்பாள். ஆனால் அந்தச் சீரியல் கார்டும் கேபிளும் ஃப்ரேம் ரிலே காலத்துச் சாமான். இப்போதைய பாடத்திட்டத்தில் அது கிடையாது. கேபிளின் ஒருபக்கம் கடிகாரத் துடிப்பு கொடுத்து இரண்டு ரவுட்டரை இணைப்பது ஒரு காலத்தில் எல்லா மாணவரும் செய்த பயிற்சி. இன்றைக்கு அதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தேர்வுக் கட்டணத்திலிருந்து குறையும் ரூபாய். இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களை நம்பிக் கார்டு வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

"சீரியல் வேணாம்ண்ணே. 2960 ரெண்டு, 1841 ஒண்ணு. ஸ்விட்ச்சுல மாடல் நம்பர் கடைசி எழுத்து எல்லா எஸ்ஸான்னு பார்க்கணும்."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எல் என்று முடிந்தால் உள்ளே இருப்பது லேன் பேஸ் மென்பொருள், எஸ் என்றால் வசதி குறைந்த லேன் லைட். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதன்பிறகு அவர் கிட் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, ஓட்டிப் பாரு" என்றார்.

ஒவ்வொரு பெட்டியாக மின்சாரம் கொடுத்து, கன்சோல் கேபிளைச் செருகி, புட்டி என்ற மென்பொருளில் 9600 வேகம் வைத்துக் காத்திருந்தாள். திரையில் எழுத்து ஓடத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஃபிளாஷில் மென்பொருள் இல்லாத பெட்டி முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். மூன்றாவதாக எடுத்தது அப்படித்தான் நின்றது, ஒதுக்கிவைத்தார்கள். ஷோ வெர்ஷன் அடித்து, திரையில் வரும் வரிசை எண்ணும் பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கர் எண்ணும் ஒன்றா என்று சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். இது வீண் வேலையல்ல. ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தில் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு செத்துப்போன இரண்டு 2960-எக்ஸ் ஸ்விட்ச்சுகளைப் பிரித்துப் பார்த்தபோது அவை போலி என்று தெரியவந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கே அந்தக் கதி.

நல்ல பெட்டியாக அமைந்த ஒன்று பாஸ்வேர்டு கேட்டது. "அது யாருக்கும்மா தெரியும், வேற பாரு" என்றார் கடைக்காரர். அவளோ அதைத்தான் எடுத்து மடியில் வைத்தாள். மின்கம்பியை உருவி, முகப்பின் இடது ஓரத்திலுள்ள மோட் பட்டனை அழுத்தியபடியே மறுபடி செருகினாள். விளக்கு கண்ணடித்தது. ஃபிளாஷைத் திறக்கும் கட்டளை, அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றும் கட்டளை, பிறகு பூட். சில நிமிடத்தில் பாஸ்வேர்டு கேட்காமல் ஸ்விட்ச் உள்ளே விட்டது. பூட்டின் சாவி பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. சர்வர் அறையைப் பூட்டி வைக்கச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து ஷோ வீலேன் பிரீஃப் அடித்தாள். பெயர் மாற்றியது ஒரு கோப்பைத்தான். வீலேன் பட்டியல் தனிக் கோப்பில் அப்படியே இருந்தது. அக்கவுண்ட்ஸ். ஹெச்ஆர். சிசிடிவி. கெஸ்ட். கடைசியில் ட்ரெயினிங் ரூம் 2.

"இது என்ன பாப்பா, ஏதோ ஆபீஸோட நெல்லு மூட்டைக் கணக்கு மாதிரி இருக்கு?"

"ஆமா சித்தப்பா. இந்த ஸ்விட்ச்சு இருந்த இடம். எந்தெந்த டிபார்ட்மென்ட்டைத் தனித்தனியாப் பிரிச்சு விட்டிருந்தாங்கன்னு."

யாரோ ஒரு பொறியாளர் ஆற அமர உட்கார்ந்து போட்ட பிரிப்பு. கணக்குப் பிரிவின் போக்குவரத்து விருந்தினர் வைஃபைக்குள் எட்டிப் பார்க்காதபடி போட்ட வேலி. ஒரே ஒரு பெயர் மட்டும் எழுத்துப்பிழையோடு இருந்தது, பல வருடம் அப்படியே ஓடியிருக்கும். ஒரு கட்டடத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை அவள் நிஜத்தில் பார்த்தது அதுதான் முதல்தடவை. அந்த அமைப்பை மட்டும் நோட்டில் ஒரு படமாகப் போட்டுக்கொண்டு, கோப்புகள் இரண்டையும் அங்கேயே அழித்தாள். கழித்துக் கட்டும் அலுவலகம் செய்திருக்க வேண்டிய வேலை அது. செய்யாமல் விடுவது, வீட்டை விற்கும்போது பீரோவைக் கடிதங்களோடு விட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

பேரத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். மூன்று பெட்டியும் சேர்த்து, தேர்வுக் கட்டணத்தில் பாதிக்கும் கீழே முடிந்தது. பில்லில் மூன்று வரிசை எண்ணும், ஒரு வாரச் செக்கிங் வாரன்ட்டியும் கையால் எழுதி வாங்கினார். கீழே தெருவில் ஒரு கிரிம்பிங் டூல், ஐம்பது கனெக்டர், மீட்டர் கணக்கில் கேபிள். பெட்டிகளைத் துண்டில் சுற்றி அரிசிப் பையில் இறக்கி, வாயைச் சணலால் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டார். பத்துக் கிலோ இருக்கும்.

பல்லவன் செங்கல்பட்டைத் தாண்டியதும் அவர் கேபிளில் ஒரு சாண் வெட்டச் சொல்லி வாங்கி, மேலுறையை நகத்தாலேயே உரித்தார். நான்கு முறுக்கு ஜோடி. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. அஞ்சாவது சாம்பல், அதை விட்டுட்டான். இது எங்க கலர்தானே பாப்பா!"

தொலைபேசிக் கேபிளில் ஜோடிகளை அடையாளம் காண ஒரு வண்ண முறை உண்டு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒருபக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் மறுபக்கம். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 ஜோடி. இருட்டுப் பள்ளத்தில் அவர் முப்பது வருடம் ஓதிய மந்திரம் அது. நெட்வொர்க் கேபிள் எடுத்துக்கொண்டது அதன் முதல் நான்கு ஜோடியைத்தான். கனெக்டரில் அடுக்கும் வரிசையை அவள் நோட்டில் காட்டினாள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு.

"பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரிச்சு நடுவுல நீலத்தை விட்டிருக்காங்கன்னு எனக்குப் புரியவே இல்ல சித்தப்பா. மனப்பாடம்தான் பண்ணி வச்சிருக்கேன்."

"நடுவுல ஃபோன் ஜோடி. முதல் ஜோடி எப்பவும் நீலம்தான், ஃபோன் பிளக்குல நடு ரெண்டு கம்பி. அதைத் தொடாம மத்ததைச் சுத்தி அடுக்கியிருக்கான்."

அவர் சொன்னது சரி. தொலைபேசிக்குப் போட்ட பழைய இணைப்பு புதிய சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக நான்காம் ஐந்தாம் முனைகளை நீலத்துக்கு விட்டுவைத்தார்கள். எத்தனையோ பேர் காரணம் தெரியாமலே ஒப்பிக்கும் வரிசைக்கு, விழுப்புரம் வருவதற்குள் ஒரு ஜாயின்டர் விளக்கம் சொல்லிவிட்டார். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று அவள் படித்துக் காட்டியபோது, "பிரிச்சா பக்கத்துல பேசறது இதுல கேக்கும்" என்றார். புத்தகம் கிராஸ்டாக் என்று சொல்வதும் அதைத்தான்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி, பேருந்து பிடித்து வீடு சேர இரவாகிவிட்டது. மறுநாள் மாடி அறையில் மேசைமேல் மூன்றையும் வைத்தார்கள். சித்தப்பா கிரிம்ப் செய்த கேபிள்கள் நீளம் பிசகாமல் ஒரே அளவில் இருந்தன. அம்மாவின் கவலை கரண்ட் பில். குறிப்பேட்டுக் கணக்கில் ஸ்விட்ச் ஒன்றுக்கு அதிகபட்சம் 30 வாட், ரவுட்டருக்கு 50, மொத்தம் 110. தினம் 3 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அரசு தரும் 100 இலவச யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. சத்தத்தை மட்டும் கணக்கில் எழுத முடியாது. ஃபேன்கள் கிளம்பியதும் வீடு மாவு மில்லுக்குப் பக்கத்தில் போனதுபோல் ஆயிற்று. விசிறி இல்லாத எட்டு போர்ட் 2960 ஒன்றும் உண்டு. படுக்கையறையில் வைப்பவர்கள் அதைத் தேடுவது நல்லது.

எஸ்எஸ்ஹெச் வழியாக ஸ்விட்ச்சுக்குள் நுழையப் போனால் லேப்டாப் மறுத்தது. பெட்டிக்குத் தெரிந்த பழைய சாவிப் பரிமாற்ற முறை பலவீனமானது என்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2015லேயே அதை இயல்பாக அணைத்துவிட்டது. பழைய முறையை இந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி என்று எழுதிக் கொடுத்த பிறகே உள்ளே விட்டது. பாடப்புத்தகத்தின் பாதுகாப்பு அத்தியாயம் அவள் மேசையில் அன்று அப்படி நிஜமாக வந்து உட்கார்ந்தது.

மாலையில் சித்தப்பா மறுபடி மேலே வந்தார். அவள் இரண்டு ஸ்விட்ச்சையும் ஒரு கேபிளால் இணைத்தாள். விளக்கு ஆரஞ்சில் எரிந்து, அரை நிமிடத்தில் பச்சைக்கு மாறியது. பிறகு வேண்டுமென்றே இரண்டாவது கேபிளையும் அதே இரண்டுக்கும் நடுவே போட்டாள். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே வட்டம். விளக்குகள் துடிக்கவில்லை. ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு மாறாமல் நின்றது.

"இது ஏன் பச்சை ஆகல?"

1985இல் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்த வழி அது, ஸ்பேனிங் ட்ரீ. ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக்கிக்கொள்ளும். முன்னுரிமை எண் சமமாக இருந்தால் எதனிடம் சிறிய மேக் முகவரி இருக்கிறதோ அதுவே தலைமை. யாரும் தலையிடாவிட்டால் அது பெரும்பாலும் கூட்டத்திலேயே வயதான பெட்டியாக அமையும். அதை நோக்கி ஒரே ஒரு பாதையைத் திறந்து வைத்து, மற்றதை அடைத்துவிடும். பள்ளியில் இருந்த மலிவு ஸ்விட்ச்சுக்கு இந்தப் பேச்சு தெரியாது. இதையெல்லாம் அவள் தரையில் கோடு போட்டுச் சொன்னாள்.

சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்போ இந்த முதல் கேபிள் அறுந்தா?"

"நீங்களே உருவுங்க சித்தப்பா."

அவர் கொக்கியை அழுத்தி மெதுவாக உருவினார். பச்சை விளக்கு அணைந்தது. ஆரஞ்சு அப்படியே நின்றது. கேட்பதற்குப் பதினைந்து விநாடி, கற்பதற்குப் பதினைந்து விநாடி என்று அவள் சொல்ல, அவர் வாட்ச்சைத் திருப்பி விநாடி முள்ளைப் பார்த்து வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஆரஞ்சு பச்சையானது.

"இன்னொரு தரம்" என்று சொல்லிவிட்டு, உருவிய கேபிளை அவரே எடுத்துச் செருகினார்.